ஐஸ் கூடாக விழுகிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கதவிலேயே தண்ணீரும் ஐஸும் தரும் சைடு பை சைடு ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டுக்கு வந்து நாலாம் நாள். மாமியாருக்கு நன்னாரி சர்பத் கலக்க டம்ளரைக் கதவில் வைத்து அழுத்தினேன். விழுந்த கட்டிகள் ஒவ்வொன்றும் பாதி அளவுதான் இருந்தன. மேலே மெல்லிய ஓடு, நடுவில் வெறும் கூடு. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கின. ஐஸ் மேக்கரையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார் பார்க்க வந்தவர். கடைசியில் ஐஸ் மேக்கரில் ஒரு குறையும் இல்லை, தண்ணீருக்கு வேகம் போதவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

குழாய் இணைப்புள்ள ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) பிரஷர் வேண்டும். மேல் எல்லை 120 அளவில் இருக்கும். உங்கள் மாடலின் கணக்கு கையேட்டில் இருக்கிறது, பாருங்கள். நாங்கள் இருப்பது சென்னை மேடவாக்கம், போர் தண்ணீர். அதனால் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. மெஷினின் குழாயிலிருந்து ஃபிரிட்ஜுக்கு லைன் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். ஆர்.ஓ. மெஷினுக்குள் பம்ப் இருக்கிறதே என்று தோன்றும். அந்த பம்ப் தண்ணீரை மெம்பரேனுக்குள், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வுக்குள், தள்ளுவதற்குத்தான். சுத்தமான தண்ணீர் உள்தொட்டியில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, வெறும் உயரத்தின் பலத்தில் குழாய்க்கு வருகிறது. 10 மீட்டர் உயரத்துக்கே ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ.தான் கிடைக்கும். ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டிய மெஷின் என்ன தரும்? மொட்டை மாடித் தொட்டியிலிருந்து எடுத்தாலும் எங்கள் ஒரு மாடி வீட்டில் 8 தாண்டாது. அதில் போர் தண்ணீரின் உப்பும் வரும். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையை எடுக்கும், உப்பை எடுக்காது.

பிரஷர் குறைந்தால் ஐஸ் அச்சு நிரம்புவதற்குள், அதற்குத் தண்ணீர் விடும் ஃபிரிட்ஜின் வால்வு மூடிவிடும். கட்டி சின்னதாக, கூடாக வருவது அதனால்தான். இன்னொன்றும் நடக்கும். வால்வு இறுக மூடுவதற்கும் அந்தப் பிரஷர்தான் வேண்டும். இல்லாவிட்டால் மெல்லச் சொட்டி ஐஸ் பெட்டியே ஒரே பாறையாகிவிடும்.

எங்களுக்குத் தீர்வாக அமைந்தது ஆர்.ஓ.வுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே வைத்த ஒரு சிறிய பம்ப். ஆர்.ஓ. உதிரி பாகக் கடையில் கேளுங்கள். பிரஷர் சுவிட்ச் உள்ளதாக வாங்குவது முக்கியம். டம்ளரை அழுத்தியதும் தானே ஓடி, கையை எடுத்ததும் தானே நிற்கும். சுவிட்ச் இல்லாத பம்ப் ஃபிரிட்ஜின் எல்லைக்கு மேல் பிரஷரை ஏற்றிவிடும், வேண்டவே வேண்டாம். 20 லிட்டர் கேனிலிருந்து உறிஞ்சித் தரும் பம்ப்களும் உண்டு. கேன் தண்ணீர் வாங்குபவர்களுக்கு அதுவே போதும்.

இப்போதெல்லாம் எது கோளாறானாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீரும் ஐஸும் சேர்ந்து நின்றனவா, ஒன்று மட்டும் நின்றதா? இரண்டும் நின்றால் கோளாறு பெரும்பாலும் ஃபிரிட்ஜுக்கு முன்னால் இருக்கும். சுவர் வால்வு மூடியிருக்கலாம், பின்னால் டியூப் நசுங்கியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெருக்கும்போது ஃபிரிட்ஜைத் தள்ளி வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை டியூப் சக்கரத்துக்கு அடியில் சிக்கியிருந்தது. ஐஸ் விழுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை, அழுத்தினால் உம்மென்று சத்தம் மட்டும் கேட்கிறது என்றால், ஃப்ரீசர் கதவுக்குள் போகும் டியூப் உறைந்திருக்கும். ஃப்ரீசரில் உள்ளதை வேறிடத்துக்கு மாற்றி, கரண்டை அணைத்து, கதவை இரண்டு மூன்று மணி நேரம் திறந்து வையுங்கள். அப்புறம் ஃப்ரீசரை மைனஸ் 18க்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் கீழே வைத்திருந்தால்தான் பெரும்பாலும் இப்படி உறைகிறது.

சத்தம்கூட வரவில்லையா? சைல்டு லாக் விளக்கைப் பாருங்கள். எங்கள் பேரன் அதை எத்தனையோ முறை அழுத்தியிருக்கிறான். மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் விடுபடும். கதவு முழுதாக மூடாவிட்டாலும் தண்ணீரும் ஐஸும் தரும் டிஸ்பென்சர் வேலை செய்யாது.

ஐஸ் மட்டும் உருவாகவில்லை என்றால் ஐஸ் மேக்கரின் பக்கத்தில் இருக்கும் கம்பியைக் கவனியுங்கள். அது மேலே தூக்கியிருந்தால் மெஷின் நின்றுவிட்டது என்று பொருள். பெட்டியில் கட்டிகள் குவிந்து தூக்கியிருக்கலாம், கறிவேப்பிலைப் பொட்டலம் இடித்தும் தூக்கியிருக்கலாம். புது ஃபிரிட்ஜ் என்றால் ஒரு நாள் முழுக்கப் பொறுங்கள். முதலில் விழும் இரண்டு மூன்று பெட்டி ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தால் பாதி உருகிய கட்டிகள் ஒட்டிக்கொண்டு, உள்ளே சுற்றும் திருகு திணறும். கத்தியால் குத்தாதீர்கள், பெட்டி விரிசல் விடும். பெட்டியைக் கழற்றி சிங்கில் கவிழ்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் தானே விடும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். ஈரம் இருந்தால் அன்று இரவே திரும்ப ஒட்டும்.

ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மாற்றியதும் ஒரு குடம் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். முதலில் கரித்தூளும் காற்றும் கலந்து வரும், கதவிலிருந்து சொட்டுவதும் அந்தக் காற்றால்தான். ஓரிரு நாளில் நின்றுவிடும்.

கதவுக்குள் கையால் தண்ணீர் நிரப்பும் தொட்டி உள்ள ஃபிரிட்ஜ் என்றால் இந்தப் பிரஷர் தொல்லை கிடையாது. ஆனால் வாரம் ஒருமுறை தொட்டியையும் அதன் குழாயையும் கழற்றிக் கழுவ வேண்டும். ரப்பர் வளையத்தின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் கிருமிப் படலம் படியத் தொடங்கிவிட்டது.

ஊருக்குப் போகும்போது சுவர் வால்வை மூடி, கம்பியைத் தூக்கிவிட்டு, ஐஸ் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும் முதல் ஏழெட்டு டம்ளர் தண்ணீரை யாருக்கும் குடிக்கக் கொடுப்பதில்லை.