கால் எடுத்தவர் வீடு திரும்பும் முன்: வீட்டைச் சரிசெய்யப் பணம் திரட்டுவது எப்படி

ஆபரேஷனில் கால் எடுக்கப்பட்ட ஒருவர் இன்னும் சில நாளில் வீட்டுக்கு வரப்போகிறார் என்றதும் சுற்றியிருப்பவர்கள் முதலில் செய்வது, போனை எடுத்து "உதவி தேவை, முடிந்ததை அனுப்புங்கள்" என்று ஒரு செய்தி போடுவதுதான். அவசரம் புரிகிறது. ஆனால் எதற்கு, எவ்வளவு, யார் கையில் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத வேண்டுகோளுக்கு இரண்டு நாள் அனுதாபம் வரும், பணம் பெரிதாக வராது. வந்த பணமும் மருந்துக்கும் வண்டி வாடகைக்கும் கரைந்துபோகும், குளியலறை மட்டும் பழையபடியே வழுக்கிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் அளவு டேப்பை எடுங்கள், போனை அப்புறம் எடுக்கலாம்.

வீட்டை அளக்கும்போது ஒரு கேள்வியை மனதில் வையுங்கள்: இவர் செயற்கைக் கால் இல்லாமல் இந்த வீட்டில் நடமாட முடியுமா? "இன்னும் கொஞ்ச நாளில் செயற்கைக் கால் வந்துவிடும், அப்புறம் எதற்கு இதெல்லாம்" என்று சொல்ல வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். செயற்கைக் காலைத் தூங்கும்போது கழற்றிவிடுவார்கள், குளிக்கும்போதும் பெரும்பாலும் அது இருக்காது, எஞ்சிய கால்பகுதியில் (மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள்) புண்ணோ வீக்கமோ வந்தால் நாள்கணக்கில் போடவே முடியாது. போதாததற்கு, இல்லாத கால் இருப்பதுபோன்ற உணர்வு பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து, கால் இருக்கிறது என்றே நினைத்து ஊன்றி, அப்படியே விழுந்தவர்கள் நிறைய பேர். ஸ்டம்பின் மேல் விழுந்தால் தையல் பிரிந்து மறுபடி ஆபரேஷன் வரைக்கும் போகலாம். பணம் கேட்கும்போது மக்களுக்குப் புரியவைக்க வேண்டிய விஷயமும் இதுதான், வீட்டில் செய்யும் வேலை வெறும் வசதிக்காக இல்லை.

முடிந்தால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டைப் பார்த்தோ, நீங்கள் எடுத்துப்போகும் படங்களையும் அளவுகளையும் பார்த்தோ, என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுதித் தருவது அவர்கள் வேலை. அந்த ஒரு தாள் பின்னால் நிதி கேட்கும் எல்லா இடத்திலும் பயன்படும். குடும்பம் எழுதிய பட்டியலை விட, ஒரு தெரபிஸ்ட் கையெழுத்துப் போட்ட பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

அளவுகளுக்கு வருவோம். வீல்சேர் தாராளமாக நுழைய, கதவு திறந்த நிலையில் வழி 81 செ.மீ. ஆவது இருக்க வேண்டும். அறைக்குள் முழுதாகத் திரும்ப சுமார் 150 செ.மீ. விட்டமுள்ள காலி இடம் தேவை. வாசலில் சாய்தளம் கட்டினால் 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்பது கணக்கு, அதாவது வாசற்படி 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் ஓடும். இதைக் கேட்டதும் "அவ்வளவு நீளமா, பாதி போதும்" என்று மேஸ்திரி சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். காலின் எடை போய்விட்டதால் வீல்சேரில் உட்காரும்போது உடலின் பாரம் பின்பக்கம் சாய்கிறது, இரண்டு காலும் இல்லாதவருக்கு இன்னும் அதிகம், செங்குத்தான சாய்தளத்தில் வண்டி பின்னால் மல்லாந்து கவிழ இதுவே போதும். வீல்சேர் வாங்கும்போது பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் சின்னச் சக்கரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் அதையும் செலவுப் பட்டியலில் சேருங்கள்.

குளியலறைதான் அதிகம் பயப்பட வேண்டிய இடம், பணத்தில் பெரும்பங்கு அங்கே போகட்டும். உட்கார்ந்து குளிக்க நாற்காலி, கையில் பிடிக்கும் ஷவர், வழுக்காத தரை, 43 முதல் 48 செ.மீ. உயரத்தில் கமோட் இருக்கை, பக்கத்திலும் பின்னாலும் 84 முதல் 91 செ.மீ. உயரத்தில் கைப்பிடிக் கம்பி. கம்பி எந்தப் பக்கம் என்பதை அவரை உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள். துண்டு போடும் கம்பி ஒரு ஆளின் எடையைத் தாங்காது, அதைப் பிடித்து எழலாம் என்று நினைக்கவே வேண்டாம். டைல்ஸில் மட்டும் திருகிய கம்பியும் ஒருநாள் டைல்ஸோடு பெயர்ந்து வரும், சுவரின் உள்பகுதிவரை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். இன்னொன்று, குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளி யாராலும் போக முடியாது. இதற்குச் செலவு கொஞ்சம்தான்.

படுக்கையிலிருந்து கழிப்பறைவரை ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு, படிகளில் இரண்டு பக்கமும் கைப்பிடி, கால்மிதிகளை எடுத்துவிடுவது, ஒயர்களைச் சுவரோரம் ஒதுக்குவது, இதெல்லாம் முதல் வாரத்திலேயே முடியக்கூடியவை. கை எடுத்தவர் என்றால் பட்டியலே வேறு. உருண்டைக் கைப்பிடிக்குப் பதில் அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடி, திருகாமல் தள்ளித் திறக்கும் நெம்புகோல் பிடி வைத்த தண்ணீர்க் குழாய், ஒரே கையால் வேலை செய்யும்படி சமையலறைத் திட்டு.

எல்லாவற்றையும் இப்போதே கட்டிவிட வேண்டாம். ஸ்டம்பின் வீக்கமும் வடிவமும் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும், மாறிக்கொண்டே இருக்கும். இன்று வீல்சேரில் இருப்பவர் பிறகு ஊன்றுகோலோடு நடக்கலாம். ஆகவே பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: வீட்டுக்கு வரும் முன் முடிய வேண்டியவை, முதல் சில மாதங்களில் வேண்டியவை, நடை தெரிந்தபின் முடிவு செய்பவை. வாசலுக்கு முதலில் எடுத்துவைக்கும் உலோகச் சாய்தளம் போதுமா என்றும் பாருங்கள். வாடகை வீடாக இருந்தால் இடிப்பதற்கு முன்பே உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் திரட்டிய பணம் தகராறில் மாட்டிக்கொள்ளும்.

இப்போது பணம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள், மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் எதிர்பாராத செலவுக்குக் கூட்டுங்கள். ஊரைக் கேட்கும் முன், கேட்காமலே கிடைக்கக்கூடியதைத் தேடுங்கள்: மருத்துவக் காப்பீடு, விபத்து என்றால் இழப்பீடு (வீட்டை மாற்றும் செலவையும் கோரலாமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்), வேலையில் நடந்தது என்றால் முதலாளியின் பொறுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுத் திட்டங்கள். பல திட்டங்களில் அனுமதி வரும் முன் தொடங்கிய வேலைக்குப் பணம் தரமாட்டார்கள், எனவே விண்ணப்பம் முதலில், கடப்பாரை பிறகு. ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள் பல ஊர்களில் பொருளாகவே தருகின்றன, சில நாடுகளில் செஞ்சிலுவைச் சங்கம் வீல்சேரை இரவலாகத் தருகிறது. இரவல் கிடைக்கும் பொருளுக்கு நன்கொடை கேட்காதீர்கள்.

கணக்கு விஷயத்தில் கறாராக இருங்கள். இந்தப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, முடிந்தால் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. யார் பெயரில் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். வருமான வரம்பு பார்த்துத் தரும் அரசு உதவித்தொகை அவருக்கு இருந்தால், கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்தது காரணமாக அது நின்றுபோகலாம், விவரம் தெரிந்தவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இணையத்தில் பலரிடமிருந்து பணம் திரட்டும் கிரவுட்ஃபண்டிங் தளத்தில் போடுவதென்றால், தளத்தின் கட்டணம் எவ்வளவு, பணப் பரிமாற்றக் கட்டணம் தனியா, இலக்கை எட்டாவிட்டாலும் வந்த பணம் கிடைக்குமா, எத்தனை நாளில் கைக்கு வரும், வெளிநாட்டிலிருந்து வாங்க அனுமதி உண்டா என்று படியுங்கள். சில தளங்களில் கொடுப்பவரிடம் தளத்துக்கென ஒரு தொகையும் தானாகச் சேர்ந்துவிடும், அதைக் குறைக்கலாம் என்று நன்கொடையாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பக்கம் வெளியானதும் "உங்கள் பக்கத்தைப் பிரபலமாக்குகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று செய்திகள் வரும். ஒன்றுக்கும் பதில் போடாதீர்கள்.

எழுதும் முன் அவரிடம் கேளுங்கள். என்ன படம், எவ்வளவு விவரம், காரணத்தைச் சொல்லலாமா என்று எல்லாமே அவர் முடிவு. கட்டுப்போட்ட ஸ்டம்பைப் படமாகப் போட்டால் பணம் கூடுதலாக வரும் என்று யாராவது சொல்வார்கள், அந்தப் படம் இணையத்தில் கடைசிவரை இருக்கும் என்பதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். குறுகலான கதவு, வழுக்கும் தரை, உயரமான படி, இவற்றின் படமே போதும், இதைத்தான் மாற்றப்போகிறோம் என்று பார்ப்பவருக்கும் உடனே புரியும். வீட்டு முகவரியும் மருத்துவ அடையாள எண்களும் எந்தப் படத்திலும் தெரியக்கூடாது.

வேண்டுகோள் சுருக்கமாக இருக்கட்டும். இப்படி:

"என் அண்ணனுக்கு முழங்காலுக்கு மேல் வலது காலை எடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறார். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி, குளியலறைக் கதவில் வீல்சேர் நுழையாது. தெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த வேலைகளும் கொட்டேஷன்களும் கீழே உள்ளன. காப்பீட்டில் கிடைத்தது போக மீதி இவ்வளவு. பணம் தனிக் கணக்கில் இருக்கும், ஒவ்வொரு ரசீதையும் இங்கே போடுவோம். மிஞ்சினால் முதல் செயற்கைக் காலின் செலவுக்குப் போகும். பணம் இல்லையென்றால் ஒரு நாள் கொத்து வேலை, தச்சு வேலை, பொருள் ஏற்ற வண்டி, எதுவானாலும் சொல்லுங்கள். இது அண்ணன் படித்துப் பார்த்து, போடச் சொன்ன பதிவு."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கேட்பது யார், யார் சம்மதத்தோடு என்பதுதான் தெரியாதவர்களின் முதல் சந்தேகம்.

இதை எடுத்தவுடனே ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். முதலில் நெருங்கியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், அதுவும் பொருளைச் சொல்லி: "மாமா, குளியலறைக் கம்பி இரண்டும் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வீர்களா?" பொதுவாக "உதவுங்கள்" என்றால் தப்பித்துப் போகிறவர்கூட கம்பி என்றால் ஒத்துக்கொள்வார், ஏனென்றால் அதற்கு ஒரு எல்லை தெரிகிறது. பத்துப் பதினைந்து பேர் கொடுத்தபின் பக்கத்தைப் பொதுவில் விடுங்கள், பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் தயக்கம் இருக்கும். அலுவலகம், படித்த பள்ளியின் பழைய மாணவர்கள், விளையாட்டுக் குழு என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் அங்கே இருக்கும் ஒருவரே கேட்கட்டும், ஒரே ஆள் எல்லாரையும் கேட்டால் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்.

கை வேலையாக வரும் உதவியை ஆசையாக ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அளவுகளை விட்டுக்கொடுக்காதீர்கள். இலவசமாகக் கட்டிய செங்குத்தான சாய்தளத்தை இடித்துக் கட்ட இரட்டைச் செலவு, மனக்கசப்பு வேறு. மின்சாரம், தண்ணீர்க் குழாய் வேலைக்கு எப்போதும் தொழில் தெரிந்தவர்தான்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் படமும் ரசீதும் போடுங்கள். "கதவு முடிந்தது, அடுத்து தரை, அதற்கு இன்னும் இவ்வளவு வேண்டும்" என்ற ஒரு வரியே புதிதாகக் கேட்டதற்குச் சமம், கெஞ்சவும் வேண்டியதில்லை. வரவு நின்றுபோய் இலக்கு இன்னும் தூரத்தில் இருந்தால் தேதியைத் தள்ளிக்கொண்டே போகாமல் மூன்றாவது பட்டியலை வெட்டுங்கள், முதல் பட்டியல் முடிந்தாலே அவர் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிடலாம். எல்லாம் முடிந்தபின் மொத்த வரவு செலவை ஒரே தாளில் போட்டு, மிஞ்சியது எங்கே போனது என்று எழுதி, பணம் வாங்கும் பொத்தானை நிறுத்திவிடுங்கள். ஏற்றிய மருத்துவத் தாள்களையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.