எம்.ஆர்.ஐ. அறிக்கையில் நுண்கசிவு: ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை என்ன செய்வது?

இதயத் துடிப்பு சீரற்றிருப்பதால் பக்கவாதம் வந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வரும் ஒருவருடைய எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மூளையில் நுண்ணிய ரத்தக்கசிவுகள் உள்ளதாக எழுதியிருந்தால், பல வீடுகளில் அன்றிரவே மாத்திரை நின்றுவிடுகிறது. மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வொன்று, கசிவுகள் கூடக்கூட மூளையில் பெரிய ரத்தப்பெருக்கு வரும் ஆபத்தும் கூடுகிறது என்றாலும், அடைப்பினால் மீண்டும் பக்கவாதம் வரும் ஆபத்தே அதைவிடப் பெரிது என்று கண்டது.

சி.டி. ஸ்கேனில் தெரியாமல் எம்.ஆர்.ஐ.யில் கரும்புள்ளிகளாகத் தெரியும் இந்த நுண்கசிவுகள், எப்போதோ கசிந்த ரத்தம் விட்டுச்சென்ற இரும்புச்சத்தின் தடயங்கள். அவை எத்தனை, எங்கே உள்ளன என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூளையின் ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தமே காரணம்; முதியவர்களுக்கு மூளையின் மேற்பரப்பை ஒட்டி மட்டும் பல புள்ளிகள் இருந்தால், ரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்டு புரதம் படிந்திருக்கலாம் என்பதால் கூடுதல் எச்சரிக்கை தேவை. செயற்கை உலோக வால்வு இல்லாதவர்கள், மூளை ரத்தப்பெருக்கு வார்ஃபரினைவிடக் குறைவாக ஏற்படும் அபிக்ஸபான் போன்ற மருந்துக்கு மாறலாமா என்றும் கேட்கலாம்.

வீட்டார் கையில் இருப்பது ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி அளந்து, நோட்டில் குறித்து வாருங்கள். பொதுவான இலக்கு 130/80க்குக் கீழ்.

அடுத்தது, தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் பக்கம் தலைவலிக்கென்று கடைக்குக் கடை கிடைக்கும் கிராண்ட்பா பவுடர். அதில் ரத்தக்கசிவைக் கூட்டும் ஆஸ்பிரின் இருக்கிறது. அதை மருந்தென்றே எண்ணாத நம் பெரியவர்கள், மருத்துவர் கேட்டாலும் சொல்வதில்லை. வார்ஃபரினோடு அதுவும், இபுப்ரோஃபென் வலி மாத்திரையும் கூடவே கூடாது. தலைவலிக்கு எதைத் தரலாம் என்பதை முன்கூட்டியே மருந்தாளரிடம் கேட்டு வையுங்கள்.

புரட்டாசியும் கவனிக்க வேண்டிய மாதம். மச்சம் மாமிசம் விட்டுக் கீரையைத் திடீரெனக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். விரதம் முடிந்து கீரை குறைந்ததும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும். பெரும்பாலோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். விரதம் இருக்கலாம்; ஆனால் கிளினிக்கில் சொல்லிவிட்டு, மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் தளர்ச்சி, மயக்கம் எது வந்தாலும், அல்லது தலையில் அடிபட்டாலும், ஆம்புலன்ஸ் எண்ணான 10177ஐயோ கைப்பேசியிலிருந்து 112ஐயோ அழைத்து, மாத்திரையின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் முதலில் சொல்லுங்கள்.