ஓநாய் மனிதனை மறுபடி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1981-ல் ஜான் லேண்டிஸ் எழுதி இயக்கிய 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்துக்கு மறுஆக்கம் வரப்போகிறது என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். கிளம்பிய வேகத்தில் ரசிகர்கள் பக்கமிருந்து எழுவது ஒரே குரல்தான்: கிராபிக்ஸ் ஓநாய் மட்டும் வேண்டாம். சூடு கண்ட பூனைகள் வேறென்ன சொல்லும்? 1997-ல் கதையைப் பாரிஸுக்குக் கொண்டுபோன தொடர்ச்சிப் படத்தில், கணினியில் உருவாக்கிய ஓநாய்கள் எடையே இல்லாதவைபோலத் துள்ளித் திரிந்தன. 2010-ல் வந்த 'தி வுல்ஃப்மேன்' படத்தில் ரிக் பேக்கர் என்ற ஒப்பனை மேதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, மனிதன் ஓநாயாக மாறும் காட்சிகளைப் பெரும்பாலும் கணினியிடம் ஒப்படைத்தார்கள்.

கவலை நியாயமானதுதான். ஆனால் ரப்பர் ஒப்பனையா கணினி ஓநாயா என்பதையே முழு வழக்காக்குவதை முதல் தவறு என்பேன். அப்படி ஆக்கினால், ரப்பரில் செய்து தந்தால் கடமை முடிந்தது என்று தயாரிப்பாளர் கைகழுவிவிடுவார். லேண்டிஸ் படத்தின் உருமாற்றக் காட்சியைப் பொறுமையாகப் பார்த்தால் வேறு சங்கதிகள் தெரியும். இங்கிலாந்தில் ஓநாய்-மனிதன் தாக்கியதில் நண்பன் ஜாக்கைப் பறிகொடுத்து, கடிபட்டுப் பிழைத்த டேவிட் என்ற அமெரிக்க இளைஞன், தனக்கு மருத்துவம் பார்த்த செவிலியின் வீட்டில் தனியாக இருக்கிறான். பொழுது போகவில்லை. குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிறான், மூடுகிறான், அறைக்கு அறை நடக்கிறான். பிறகு புத்தகத்துடன் உட்காருகிறான். திடீரென்று உடம்பு எரிகிறது என்று அலறிக்கொண்டு சட்டையைக் கிழித்தெறிகிறான். கை நீள்கிறது, முதுகெலும்பு புடைக்கிறது, தோலிலிருந்து மயிர் முளைக்கிறது. இருட்டு இல்லை, புகை இல்லை, திரைச்சீலைக்குப் பின்னால் நிழல் இல்லை. நல்ல விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே கண்முன் நடக்கிறது. பின்னணியில் சாம் குக் மெல்லிய குரலில் நிலவைப் பற்றிப் பாடுகிறார். நடுவே ஒரு கணம் மிக்கி மவுஸ் பொம்மையைக் காட்டுகிறார்கள்.

மயிர் முளைத்த விதம் இன்னும் சுவையானது. போலித் தோலில் நட்ட மயிரை உள்பக்கமாக இழுத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டினார்கள், அவ்வளவுதான். தரையில் கிடக்கும் ஓநாய் உடல் பொய். நடிகர் டேவிட் நாட்டனின் தலையும் கைகளும் மட்டுமே மெய். மீதி உடம்பு மேடைக்கு அடியில் மறைந்திருந்தது. இந்த வேலைக்காகத்தான், ஒப்பனைக்கென்று ஆண்டுதோறும் தரும் ஆஸ்கர் பிரிவு தொடங்கியதும் அதன் முதல் விருதை ரிக் பேக்கர் வாங்கினார்.

ஆனால் மனதில் தங்குவது அந்த நுட்பம் அல்ல; அவனுக்கு வலிக்கிறது என்பதுதான். அத்தனை வேதனைக்கு நடுவிலும், செத்துப்போன நண்பனை மாமிசப் பிண்டம் என்று கேலி செய்ததற்காக வருத்தம் தெரிவிக்கிறான். 97 நிமிடப் படத்தில் இந்தக் காட்சி வருவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவரை அவனோடு பழகிவிட்டோம். பத்தாவது நிமிடத்திலேயே ஓநாயை அவிழ்த்துவிடும் மறுஆக்கம், உலகின் மிகச் சிறந்த ரப்பரைப் பயன்படுத்தினாலும் தேறாது.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. 1941-ல் லான் சேனி ஜூனியர் நடித்த 'தி வுல்ஃப் மேன்' படத்தில் முகம் ஓநாயாக மாறுவதை அணு அணுவாகக் காட்டியதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் மாறுவது பாதங்கள் மட்டுமே. கடைசியில் உயிர் போகும்போதுதான் ஓநாய் முகம் மனித முகமாகக் கரைகிறது. அந்தப் படமும் இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

அதை எது நிலைக்கவைத்தது என்று புரிந்துகொள்ளாததுதான் அதன் 2010 மறுஆக்கத்தில் செய்த பெரும் தவறு. பழைய படத்தில் தந்தை ஒரு பகுத்தறிவாளர். மகன் தன்னை ஓநாய் என்று சொல்வதை அவர் நம்புவதில்லை. வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியால் ஒரு மிருகத்தை அடித்துக் கொல்கிறார். அது கண்ணெதிரே தன் மகனாக மாறுகிறது. புதிய படத்திலோ அந்தத் தந்தையையே ஓநாயாக்கி, வில்லனாக்கி, உச்சக்கட்டத்தில் அப்பன் ஓநாயும் மகன் ஓநாயும் கட்டிப்புரளும் சண்டையாக முடித்தார்கள். ஒரு சாபம் போதாதென்று குடும்பத்துக்கே ஒரு சாப வரலாறு. சுமார் 15 கோடி டாலர் செலவு செய்தார்கள், ஒப்பனைக்கு ஆஸ்கரும் கிடைத்தது, படம் ஓடவில்லை.

எல்லாவற்றுக்கும் பூர்வகதை சொல்லியே தீருவது என்ற இந்த வியாதி லேண்டிஸ் படத்தைப் பிடித்தால் முதலில் பலியாவது அந்தக் கிராமத்து மதுக்கடைக் காட்சிதான். சுவரில் ஐந்து முனை நட்சத்திரம் வரைந்திருக்கிறது. அது எதற்கு என்று வெளியூர்ப் பையன்கள் கேட்டதும் கடையே வாயடைத்துப் போகிறது. அந்த ஊர்க்காரர்கள் எத்தனை தலைமுறையாக எதை மறைக்கிறார்கள் என்று படம் கடைசிவரை விளக்குவதில்லை. அங்கே ஒரு ரகசியச் சங்கத்தையும் பழைய ஓலைகளையும் நுழைத்தால் பயம் போய்விடும், பாடம்தான் மிஞ்சும்.

சிரிப்பை என்ன செய்வது என்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. கொல்லப்பட்ட நண்பன் ஜாக் வரவர அழுகிக்கொண்டே டேவிட்டைப் பார்க்க வருகிறான். கடைசியில் பிக்காடிலி சர்க்கஸ் அருகே ஒரு நீலப்படத் தியேட்டரில், டேவிட் கொன்றவர்களெல்லாம் இருக்கைகளில் உட்கார்ந்து, அவன் எப்படித் தற்கொலை செய்துகொள்ளலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். சிரிக்கிறோம், சிரித்ததற்காகவே வயிற்றைப் பிசைகிறது. இதை எடுக்கத் துணிச்சல் வேண்டும். துணிச்சல் இல்லாதவர் ஒன்று முழு நகைச்சுவைப் படம் எடுப்பார், அல்லது எல்லோரும் கிசுகிசுத்துப் பேசும் சாம்பல் நிறப் படம் எடுப்பார்.

ரசிகர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். பௌர்ணமியில்தான் மாறுவான், வெள்ளித் தோட்டாவால்தான் சாவான் என்று விதிமுறைகளைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது வீண் வேலை. 1941 படத்தில் வரும், மனிதன் ஓநாயாவதைச் சொல்லும் புகழ்பெற்ற பாடல் வரிகளைப் பழைய நாட்டார் வழக்கு என்று பலர் நம்பினார்கள். திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக்கின் சொந்தக் கற்பனை அது. அதில் இலையுதிர்கால நிலவுதான் வருகிறது. முழுநிலவாக மாறியது 1943-ன் தொடர்ச்சிப் படத்தில். லேண்டிஸோ வெள்ளித் தோட்டா என்ற பேச்சையே ஜாக்கை விட்டு ஏளனம் செய்யவைத்தார். அதற்கேற்ப, சாதாரணத் துப்பாக்கியே டேவிட்டின் கதையை முடிக்கிறது.

2025-ல் லீ வனெல் இயக்கிய 'வுல்ஃப் மேன்' நிலவையே தூக்கியெறிந்து, ஓநாய்த்தனத்தை ஒரு நோயாக்கியது. ஓநாயின் தோற்றம் பிடிக்கவில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அதில் மனக்குறை உண்டு. ஆனால் அதில் ஒரு காட்சி: காமிரா மனைவியின் பக்கமிருந்து கணவனின் பக்கம் நகர்கிறது. உடனே அவள் பேசுவது வெறும் சத்தமாகிவிடுகிறது. மொழி அவனை விட்டுப் போய்விட்டது. உருமாற்றத்தை உள்ளேயிருந்து காட்டிய இந்த யோசனை பழைய படங்கள் எதிலிருந்தும் கடன் வாங்கியதல்ல. ஒரு மறுஆக்கத்திடம் நான் எதிர்பார்ப்பது இப்படிப்பட்ட ஒன்றையாவது. 'தி திங்' 1982-லும், 'தி ஃப்ளை' 1986-லும் வென்றது இப்படித்தான். 1950-களின் படங்களிலிருந்து விதையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். காட்சிக்குக் காட்சி அப்படியே வேண்டும் என்பவர்களுக்கு மூலப்படம் இருக்கவே இருக்கிறது.

லேண்டிஸ் படத்தின் நிலவுப் பாடல்களையும் அப்படியே எடுத்துப் போட வேண்டாம். வேறு பாட்டு தேடுங்கள்.

கடைசியாக, முடிவு. டேவிட் சந்தில் சுடப்பட்டு விழுகிறான், மனித உடலாகக் கிடக்கிறான், செவிலி அழுகிறாள். துக்கம் கொண்டாட அவகாசமே தராமல் உற்சாகமான பாட்டோடு பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. அடுத்த பாகத்துக்கு அடிபோட, பிணவறையில் ஒரு விரல் அசைவதையோ செவிலியின் கையில் ஒரு கீறலையோ காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரைப் படத்தொகுப்பு அறைக்குள் விடக் கூடாது.