ஆறுமணிக்குருவியை அடையாளம் காண்பது எப்படி?

பறவை பார்க்கத் தொடங்கும் பலர் ஆறுமணிக்குருவியை முதலில் படத்தில்தான் பார்க்கிறார்கள். பச்சை முதுகு, நீலத் தோள், குங்கும நிற அடிவயிறு எனப் படத்தில் அது பளபளக்கும். அதே எதிர்பார்ப்போடு தேடப் போனால் கண்ணெதிரே இருந்தாலும் தவறவிடுவீர்கள். புதரடி நிழலில் அந்த நிறங்களில் பாதிகூடத் தெரியாது. ஆகவே இந்தப் பறவைக்கு நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காது, பிறகு அசைவு, அப்புறம் உருவம்.

படி 1: காலமும் இடமும்

இது வலசை வரும் பறவை. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டும். குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தேடலாம். அடர்காடுதான் வேண்டும் என்பதில்லை. மேலே மர நிழல், கீழே புதர், தரையில் மட்கிய சருகு, இவை இருந்தால் போதும். சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் அப்படிப்பட்ட இடங்கள். தினமும் பெருக்கிச் சுத்தமாக வைக்கும் பூங்காவில் தேடாதீர்கள். சருகு போனால் அதனடியில் இருக்கும் பூச்சியும் புழுவும் போய்விடும்; குருவிக்கு அங்கே வேலை இல்லை.

படி 2: காது

விடியும்போதும் அந்தி சாயும்போதும் கூவும். ஆறுமணிக்குருவி என்ற பெயர் அதனால்தான். இரண்டே சுரம் கொண்ட தெளிவான விசில்: 'வீட்... டியூ'. முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். ஒன்று கூவினால் பக்கத்துப் புதரிலிருந்து இன்னொன்று பதில் கொடுப்பதும் உண்டு. குரல் வந்த திசையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் உடனே அங்கே ஓடாதீர்கள்.

கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு குருவி புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தை அது வீணாக்கும்.

படி 3: உட்கார்ந்து சருகைப் பாருங்கள்

நடந்துகொண்டே தேடினால் உங்கள் காலடிச் சத்தமே அதை விரட்டிவிடும். குரல் கேட்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். பைனாகுலரை உடனே கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம்; வெறுங்கண்ணில்தான் அசைவு நன்றாகத் தெரியும். ஆறுமணிக்குருவி தத்தித் தத்திப் போகும், சட்டென்று நிற்கும், அலகால் சருகைப் புரட்டும், மறுபடி தத்தும். நிற்கும்போது கட்டைவாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும். சருகு சரசரத்தால் ஓணானாகவோ தவிட்டுக்குருவிக் கூட்டமாகவோ இருக்கலாம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரியும். இது பெரும்பாலும் தனியாக இருக்கும்.

படி 4: உருவமும் தலையும்

மைனாவைவிடச் சிறியது, சுமார் 19 செ.மீ. பெரிய தலை, தடித்த அலகு, நீண்ட கால்கள், வால் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குட்டை வால். இந்த உருவம் மனதில் பதிந்துவிட்டால் இருட்டிய புதரில் நிழலாகத் தெரிந்தாலும் சொல்லிவிடலாம்.

அடுத்து முகம். கண் வழியாகப் பிடரிவரை கிடையாக ஓடும் அகலமான கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளைப் புருவம், உச்சந்தலையில் இன்னொரு கறுப்புக் கோடு, வெள்ளைத் தொண்டை. மங்கிய வெளிச்சத்திலும் இவை தெரியும். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

படி 5: இப்போது நிறம்

வயிறு மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு, வாலடி சிவப்பு, முதுகு பச்சை. எழுந்து பறக்கும் நொடியில் நீலத் தோளும், கறுத்த இறகுகளுக்கு நடுவே வெள்ளைத் திட்டும் பளிச்சிடும்.

படி 6: எவற்றோடு குழப்பிக்கொள்வீர்கள்?

செந்தலைப் பூங்குருவிதான் முதல் ஆள். அதுவும் நிழலில் சருகு புரட்டும். ஆனால் தலையும் வயிறும் செம்மஞ்சள், முதுகு நீலச்சாம்பல், வால் நீளம். தென்னிந்தியாவில் அதன் வெள்ளைக் கன்னத்தில் இரண்டு கருங்கோடுகள் செங்குத்தாக இறங்கும். கோடு கிடையா, செங்குத்தா என்று பார்த்தாலே பிரித்துவிடலாம். மரகதப்புறாவின் பச்சை இறக்கையும் ஏமாற்றும். அது உருவில் பெரியது, தத்தாமல் நடக்கும். நீலமும் வெள்ளையும் மின்னிப் பறந்தது வெண்மார்பு மீன்கொத்தியாகவும் இருக்கலாம். அதன் நீண்ட சிவப்பு அலகைக் கவனியுங்கள்.

படி 7: வீட்டுக்குள் வந்துவிட்டால்

அக்டோபர், நவம்பரில் வலசைக் களைப்போடு ஊருக்குள் வந்து, கண்ணாடி ஜன்னலில் மோதிக் கீழே விழும் ஆறுமணிக்குருவிகள் உண்டு. கையில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் சிறிது நேரம் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். தெம்பு வந்ததும் மரமும் புதரும் உள்ள இடத்தில், நாயும் பூனையும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ எழுந்து நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்லுங்கள்.