மின்சாரக் காரில் ஐரோப்பா: முதல்முறை போகும் குடும்பத்துக்குப் படிப்படியாக

ஜூன் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் மின்சாரக் காரில் ஐரோப்பா சுற்றினோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை. ஆம்ஸ்டர்டாமில் காரை எடுத்து, ஜெர்மனி வழியாகச் சுவிட்சர்லாந்து போய், பிரான்ஸ், லக்சம்பர்க், பெல்ஜியம் என்று வளைந்து, 14ஆம் நாள் அதே ஆம்ஸ்டர்டாமில் விட்டோம். இதில் வேடிக்கை என்னவென்றால் எங்களிடம் சொந்தக் கார் கிடையாது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ என்ற உரிமச் சான்றிதழின் விலையைப் பார்த்துப் பார்த்து அந்த ஆசையையே மூட்டை கட்டி வைத்துவிட்டோம். லைசென்ஸ் மட்டும் இருவரிடமும் உண்டு. அதனால் இது நிஜமாகவே ஒன்றும் தெரியாதவர்களுக்கான விளக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

படி 1: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் பிளக் ஒன்றேதான். மெதுவாக ஏற்றும் ஏசி சார்ஜருக்கு டைப் 2, வேகமாக ஏற்றும் டிசி சார்ஜருக்கு சிசிஎஸ்2. டைப் 2 பிளக்குக்குக் கீழே தடிமனாக இரண்டு ஊசிகள் சேர்ந்திருந்தால் அது சிசிஎஸ்2. அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே போய்ப் பதற்றத்தோடு கற்றுக்கொள்ள வேண்டியதை இங்கேயே, கோப்பி குடித்துக்கொண்டே பழகிவிடலாம்.

நாங்கள் ஒரு சனிக்கிழமை மின்சாரக் கார் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, பொங்கோலில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துப் பல மாடி நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தது 7.4 கிலோவாட் சார்ஜர். கேபிளை நாம்தான் கொண்டுபோக வேண்டும். முதலில் காரில் செருகுவதா, கம்பத்தில் செருகுவதா, செயலியை எப்போது தட்டுவது என்று இருவரும் வாக்குவாதம் செய்து முடிப்பதற்குள் 20 நிமிடம் போனது. இரண்டாவது முறை இரண்டே நிமிடம். பிறகு டிசி சார்ஜர் உள்ள ஒரு பேரங்காடிக்குப் போய் அதையும் பழகினோம்.

ஒத்திகையில் கட்டாயம் செய்து பார்க்க வேண்டியது கேபிளைக் கழற்றுவது. சார்ஜ் ஆகும்போது கார் கேபிளைப் பூட்டிக்கொள்ளும். செயலியில் நிறுத்தினாலும், கார் பூட்டியிருந்தால் பல மாடல்களில் கேபிள் வராது. இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். சாவியில் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். எப்படிச் செருகுவது என்று காட்ட இணையத்தில் ஆயிரம் காணொளி இருக்கிறது, கழற்றுவதைத்தான் யாரும் காட்டுவதில்லை.

நேரம் இருந்தால் மலாக்கா வரை ஒரு நாள் போய்வாருங்கள், ஒரு வழிக்குச் சுமார் 240 கிமீ. நெடுஞ்சாலையில் பேட்டரி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். வாடகைக் காரென்றால் எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

படி 2: விளம்பரத் தூரத்தைப் பாதியாக்குங்கள்

ஒரு கிலோவாட்-மணி நேரத்தை இனி யூனிட் என்றே சொல்கிறேன். 60 யூனிட் பேட்டரி உள்ள காருக்கு விளம்பரத்தில் 420 கிமீ என்று போட்டிருப்பார்கள். ஐந்து பேர், பெட்டிகள், மணிக்கு 120 கிமீ வேகம் என்றால் 100 கிமீக்கு ஏறத்தாழ 20 யூனிட் போகும். வழியில் நீங்கள் பயன்படுத்துவதும் முழு பேட்டரி இல்லை. 10 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினால் வயிற்றில் புளி கரையும். 80க்கு மேலே சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். நடுவே மிஞ்சுவது 42 யூனிட், அதாவது 210 கிமீ. விளம்பரத் தூரத்தில் சரிபாதி.

கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் 210 கிமீ என்பது இரண்டு மணி நேர ஓட்டம். அதற்குள் எங்கள் சின்னவன் இரண்டு முறை கழிவறை கேட்டிருப்பான். நல்ல டிசி சார்ஜரில் 10லிருந்து 80க்குப் போக அரை மணி நேரம் ஆகும். ஐந்து பேர் கழிவறை போய், தேநீர் குடித்து, காணாமல் போன ஒரு செருப்பைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு ஒரு தடவைகூட அரை மணி நேரம் போதவில்லை. ஆகவே முதலில் குடும்பம் எங்கே நிற்கும் என்று பாருங்கள், அங்கே சார்ஜர் இருக்கிறதா என்று பிறகு தேடுங்கள். நாங்கள் முதலில் இதைத் தலைகீழாகச் செய்து, சுற்றிலும் லாரி தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் 40 நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

டிசம்பர் விடுமுறையில் போக நினைத்தால் இந்தக் கணக்கிலிருந்து இன்னும் கால்பங்கு கழியுங்கள். குளிரில் பேட்டரியும் சோம்பும், ஹீட்டரும் மின்சாரம் தின்னும். முதல் பயணத்துக்கு ஜூன்தான் சரி. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

படி 3: பாதையை வட்டமாகப் போடுங்கள்

ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் தனியாக ஒரு பெரிய தொகை கேட்பார்கள். அதனால்தான் வட்டம். ஒரு நாளைக்கு 250 கிமீக்கு மேல் வேண்டாம். ஏ பெட்டர் ரூட்பிளானர் என்ற செயலியில் கார் மாடலைப் போட்டால், எங்கே நின்று எத்தனை நிமிடம் ஏற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

எங்கள் முதல் நிறுத்தம் அத்தையின் விருப்பம். ஜெர்மனியில் ஹம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவில் 17 மீட்டர் உயரக் கோபுரம் திடீரென்று எழுந்து நிற்பதைப் பார்த்து அத்தை கண்கலங்கிவிட்டார். ஏ2 நெடுஞ்சாலைக்குப் பக்கம்தான். அங்கிருந்து கொலோன், ஹைடல்பெர்க், ஃபிரைபுர்க், பாசல், லுட்சேர்ன் என்று இறங்கினோம்.

படி 4: காகிதம், செயலி, அட்டை

அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைச் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் வாங்குங்கள். சிங்கப்பூர் லைசென்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 90 நாள் வரை ஷெங்கன் விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசியாக இருப்பவர்களுக்கு வேண்டும், அதை முன்கூட்டியே பாருங்கள்.

சார்ஜ் செயலிகளைச் சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே இறக்கி, கடன் அட்டையைப் பதிந்துவிடுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் சிங்கப்பூர் எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய் வேறு சிம் போட்டபின் இதைச் செய்வது தலைவலி. அயோனிட்டி, ஃபாஸ்ட்னெட், டெஸ்லா ஆகிய மூன்று சார்ஜ் நிறுவனங்களும் எங்கள் பாதையில் அதிகம் உதவின. டெஸ்லாவின் பல நிலையங்களில் மற்ற கார்களும் ஏற்றலாம். அதன் செயலியில் பார்த்துவிட்டுப் போங்கள். செயலி கைவிட்டாலும் பயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரலுக்குப் பிறகு வைத்த 50 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர்களில் வங்கி அட்டையைக் கொண்டே பணம் கட்ட வழி இருக்க வேண்டும் என்பது சட்டம்.

சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பிய சிம் அங்கே வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். எல்லை தாண்டியதும் வரைபடம் உறைந்துபோய், பாசல் டிராம் தண்டவாளத்துக்கு நடுவில் நாங்கள் விழித்த கதை வேறு.

படி 5: பெட்டி

ரைஸ் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மூன்று தட்டை முனை பிளக் அங்கே சேராது, அடாப்டர் வேண்டும். ஜெர்மனியின் உருண்டை பிளக்கும் சுவிஸில் நுழையாது, அங்கே துளையின் வடிவமே வேறு. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகக் கொண்டுபோகலாம். நெய், பால் பொருள், இறைச்சி கொண்டுபோகக் கூடாது. தேக்காவில் வாங்கிய பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடைதான், தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் தேவைப்படாத ஐந்தே பழங்களில் டுரியானும் ஒன்று என்று படித்துவிட்டு வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். விமானத்தில் யார் ஏற்றுவார்கள்?

பிள்ளை இருக்கை விஷயத்தில் கவனம். சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரம் வந்தால் தேவையில்லை. ஜெர்மனியிலும் சுவிஸிலும் 12 வயதாகும் வரை, அல்லது 1.5 மீட்டர் உயரம் வரும் வரை வேண்டும். எங்கள் மூத்தவளுக்கு வயது 10, உயரம் 1.40. “நான் என்ன பேபியா?” என்று மூன்று நாடுகள் வரை முறைத்துக்கொண்டே வந்தாள்.

படி 6: கவுண்டரில் அவசரப்படாதீர்கள்

13 மணி நேரம் பறந்து இறங்கிய அன்றே ஓட்ட வேண்டாம். ஓர் இரவு தூங்கி எழுந்து போங்கள். நாங்கள் தூங்கிய பிறகும் ஏமாந்தோம். பின்பெட்டியைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டோம். அன்று மாலை ஒரு சிறு ஊரில் தெரு ஓரச் சார்ஜ் கம்பத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் கம்பத்தில் துளை மட்டும் இருக்கிறது, எங்களிடம் கேபிள் இல்லை. வாடகை நிறுவனம் வைக்க மறந்துவிட்டது. பேட்டரியில் 38 விழுக்காடு. திரும்பப் போய் வாங்கியதில் ஒன்றரை மணி நேரம் வீண்.

கேட்க வேண்டியவை: டைப் 2 கேபிள் எங்கே, சார்ஜ் அட்டை தருவார்களா, துளை காரின் எந்த மூலையில், கேபிள் சிக்கினால் கையால் விடுவிக்கும் கயிறு எங்கே, திருப்பும்போது எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும், எந்தெந்த நாடுகளுக்குப் போகலாம். திரையில் உள்ள விழுக்காட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: வலப்பக்கம் ஓட்டுவது

இரண்டு நாளில் பழகிவிடும். ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே இருப்பார் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். சிக்னல் போடப்போய் வைப்பரைப் போடுவீர்கள், பரவாயில்லை.

நமக்கு விரைவுச்சாலையில் 90தான் உச்சம். ஜெர்மனியில் சில பகுதிகளில் வரம்பே கிடையாது, 130 என்பது பரிந்துரை மட்டும். நீங்கள் 110இல் வலது தடத்தில் போங்கள். இடது தடம் முந்துவதற்கு மட்டும், அங்கே பின்னால் வருகிற கார் கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்து, திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் பேட்டரியும் கூடுதல் தூரம் வரும். நெதர்லாந்தின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் காலை 6 முதல் மாலை 7 வரை 100தான், கேமரா உண்டு. நெரிசலில் வண்டிகள் நின்றால் ஜெர்மனியில் இடது தடத்தார் இன்னும் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவே ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும்.

கொலோன் போன்ற நகரங்களின் மையத்துக்குள் போக மின்சாரக் காருக்கும், மாசு குறைந்த வண்டி என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். டச்சு வாடகைக் காரில் அது இருக்காது. நாங்கள் புறநகரில் நிறுத்திவிட்டு டிராமில் போனோம், பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

படி 8: அன்றாடம் சார்ஜ்

பகலில் ஒரு முறை டிசி, இரவில் தங்குமிடத்தில் ஏசி. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் கவலை இல்லை. தங்குமிடம் தேடும்போதே சார்ஜர் உள்ளதா என்று வடிகட்டுங்கள். 11 கிலோவாட் இருந்தால் இரவு தூங்கி எழுவதற்குள் நிறைந்துவிடும். “சாதாரணச் சுவர் பிளக்கில் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் கணக்குப் போடுங்கள்: 2.3 கிலோவாட்டில் 60 யூனிட் ஏற 26 மணி நேரம்.

செலவு எங்கே ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நெடுஞ்சாலை டிசியில் யூனிட்டுக்கு 60லிருந்து 80 யூரோ செண்ட் வரை போகலாம். சேவை உறுப்பினராகச் சேர்ந்தால் குறையும், ஒரே மாதச் சந்தா எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம். சார்ஜ் முடிந்ததும் காரை நகர்த்துங்கள், சும்மா நின்றால் தனிக் கட்டணம் ஓடும். அந்தப் பொறுப்பை அத்தை ஏற்றுக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் என் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, வண்டி சாப்பிட்டு முடிச்சிருச்சு, எந்திரிங்க” என்பார்.

படி 9: மலை

சுவிஸ் நெடுஞ்சாலைக்கு வின்யெட் என்ற வரிவில்லை வேண்டும், 40 பிராங்க். மின்வில்லை கார் எண்ணோடு இணைவதால் கார் கைக்கு வந்தபின்தான் வாங்க முடியும். சுவிஸ் அரசுத் தளத்திலேயே வாங்குங்கள், கூடுதல் கட்டணம் வைத்து விற்கும் தளங்கள் நிறைய.

கோத்தார்டு மலைக்குக் கீழே 16.9 கிமீ சுரங்கம் இருக்கிறது, மேலே 2,106 மீட்டரில் பழைய கணவாய்ச் சாலை. கோடையில் கணவாய் வழியே போய்ப் பாருங்கள். லுட்சேர்னிலிருந்து ஏற்றம் மட்டும் கிட்டத்தட்ட 1,670 மீட்டர், ஆளும் பெட்டியும் நிறைந்த காருக்கு அந்த உயரத்துக்கே 10 யூனிட் கூடுதலாகத் தேவை. விழுக்காடு சரிவதைப் பார்த்து வீட்டுக்காரர் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டார். இறங்கும்போது பிரேக்கை அதிகம் மிதிக்காமல் காரே வேகத்தைப் பிடித்து இறங்க விட்டால், அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பிவிடும். வளைவுக்கு வளைவு எண் ஏறுவதைப் பின்சீட்டில் பிள்ளைகள் சத்தமாகக் கத்திக்கொண்டே வந்தார்கள். உச்சியிலேயே பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, ஆகவே மலைமேல் முழுக்க ஏற்ற வேண்டாம்.

படி 10: திருப்பிக் கொடுத்தல்

விமான நிலையத்துக்குள் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், வரிசை இருக்கும். 20, 30 கிமீ முன்பே கேட்ட அளவுக்கு ஏற்றிவிடுங்கள். கேபிளைப் பின்பெட்டியில் வைத்துப் படம் எடுங்கள், விழுக்காட்டையும் எடுங்கள். செயலிகளை உடனே அழித்துவிடாதீர்கள். எங்களுக்குக் கடைசி சார்ஜின் ரசீது, பொங்கோல் வீட்டில் துணியெல்லாம் துவைத்து மடித்து முடித்து, ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது.