மாடி கட்டிய பில் தொலைந்துவிட்டதா?

பெங்களூரு வீட்டை விற்கும் நேரத்தில் மாடி கட்டிய பில் கிடைக்கவில்லை என்றால், பழைய சொத்து வரி ரசீதுகளை எடுத்து வருட வாரியாக அடுக்குங்கள். எந்த வருடம் கட்டடப் பரப்பு கூடியிருக்கிறதோ, மாடி எழுந்த காலத்துக்கு அதுவே சாட்சி. அப்புறம், அதே காலத்து வங்கி ஸ்டேட்மென்ட்டில் மேஸ்திரிக்கும் சிமெண்ட் கடைக்கும் போன பணத்தைக் குறித்து, இரண்டையும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் கொடுத்து அறிக்கை வாங்கிவிடுங்கள்.

மாடி கட்டுவது போன்ற மேம்பாட்டுச் செலவை விற்பனை லாபத்தில் கழிக்கலாம் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடல். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்ற லாபத்துக்கான வரி (நீண்டகால மூலதன ஆதாய வரி) 12.5 சதவீதம், 10 லட்சம் ரூபாய் செலவைக் காட்ட முடிந்தால் 1.25 லட்சம் மிச்சம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கத்தைச் சேர்த்துப் போடும் 20 சதவீதக் கணக்கையும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பெயிண்ட், குழாய் ரிப்பேர் போன்ற பராமரிப்புக்கு இது செல்லாது. 2001 ஏப்ரல் 1க்கு முன் செய்த வேலைக்கும் செல்லாது. பழைய தேதி போட்டுப் புது பில் மட்டும் யாரிடமும் வாங்காதீர்கள். அது பொய்க் கணக்கு, அபராதத்தில் கொண்டுபோய் விடும்.