சார்ல்ஸ் லாய்டின் ‘ரபோ தே நூபே’: ஒரு நால்வர் குழுவின் இசைத்தட்டைக் கேட்டுப் பழகுவது எப்படி?

ஜாஸ் இசைக்குப் புதியவர் ஒருவர் ஒரே ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுப் பழக விரும்பினால், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்டின் ‘ரபோ தே நூபே’யை எடுத்துக்கொள்ளுமாறு நான் சொல்வேன். 2007 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த கச்சேரியில் பதிவுசெய்யப்பட்டு, 2008-இல் ஜெர்மனியின் ஈசிஎம் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு இது. கச்சேரி நடந்தபோது லாய்டுக்கு வயது 69. பியானோ வாசித்த ஜேசன் மோரன், டபுள் பேஸ் வாசித்த ரூபன் ரோஜர்ஸ், டிரம்ஸ் வாசித்த எரிக் ஹார்லண்ட் ஆகிய மூவரும் அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள்.

லாய்ட் இதில் டெனர் சாக்ஸபோன், ஆல்ட்டோ புல்லாங்குழல், ஹங்கேரிய ஊதுகருவியான டாரகாட்டோ என மூன்று வாத்தியங்களை வாசிக்கிறார். பல வாத்தியங்களில் தேர்ந்த ஒருவரின் இசையைக் கேட்கும்போது அவருடைய திறமையை வியப்பதிலேயே நம் கவனம் முழுவதும் போய்விடுவது இயல்பு. ஆனால் இந்த இசைத்தட்டின் செல்வம் வேறிடத்தில் இருக்கிறது. ஊதும் வாத்தியம் மாறும் ஒவ்வொரு முறையும் மற்ற மூவரும் தங்கள் வாசிப்பை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று கவனிப்பதுதான் இதைக் கேட்க மிகச் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒரு சிறு ஏற்பாடு. கைபேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்காதீர்கள். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு சிறிய ஒலிபெருக்கியால் அந்த நாதத்தைத் தர இயலாது என்பதால், நால்வரில் ஒருவர் மேடையிலேயே இல்லாததுபோல் ஆகிவிடும். ஓரளவு நல்ல ஹெட்போன் போதும். மொத்தம் ஏழு உருப்படிகள், ஏறத்தாழ 75 நிமிடங்கள். முதல் நாளே முழுவதையும் கேட்டு முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்றாவதாக உள்ள ‘புக்கர்ஸ் கார்டன்’ என்ற உருப்படியிலிருந்து தொடங்குங்கள். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் லாய்டோடு வளர்ந்து, 1961-இல் 23 வயதிலேயே மறைந்துபோன டிரம்பெட் கலைஞர் புக்கர் லிட்டிலின் நினைவாக அமைந்தது இது. இங்கே முன்னிற்கும் ஆல்ட்டோ புல்லாங்குழல், வழக்கமான மேற்கத்தியப் புல்லாங்குழலைவிட ஒரு சட்ஜ-மத்திம இடைவெளி தாழ்வாக ஒலிப்பது. நாதம் கனிந்தது, ஆனால் உரத்து ஒலிக்க இயலாதது. டிரம்ஸ் சற்று ஓங்கினாலும் அது மூழ்கிவிடும். ஆகவே இந்த உருப்படியை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை புல்லாங்குழலை மட்டும் தொடருங்கள். இரண்டாம் முறை அதை மறந்துவிட்டு, ஹார்லண்ட் அந்த மெல்லிய நாதத்துக்கு எவ்வாறு இடம்விடுகிறார், மோரன் எந்த இடங்களில் பியானோவை வாசிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள். வாசிக்காமல் விடுவதும் ஒரு வாசிப்பே என்பது அப்போது காதுக்குத் தானாகவே புரியும்.

அடுத்து, தொடக்கத்துக்குத் திரும்பி ‘ப்ரொமீதியஸ்’ கேளுங்கள். இதில் டெனர் சாக்ஸபோன். லாய்டின் டெனர் நாதத்தில் மூச்சுக்காற்று கலந்திருக்கும். சுரங்கள் தனித்தனியாக வெட்டுப்பட்டு விழாமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். ஆயினும் புல்லாங்குழலைவிட இது பன்மடங்கு வலுவானது என்பதால், மற்ற மூவரும் இப்போது முழு பலத்தோடு வாசிக்கலாம். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் இங்கே ஒரு பழக்கத்தைத் தற்காலிகமாகக் கைவிட வேண்டும்: தொடையில் தாளம் போட்டபடி சமத்தைத் தேடாதீர்கள். தாளச்சுற்றின் தொடக்கத்தை வெளிப்படையாகக் காட்ட வேண்டிய கடமை இவ்வகை ஜாஸ் டிரம்ஸ் கலைஞருக்கு இல்லை. அலை எழுவதும் அடங்குவதும்போல வேகத்தையும் அடர்த்தியையும் கூட்டிக் குறைப்பதே அவர் வேலை. வழி தவறியதாகத் தோன்றினால் ரோஜர்ஸின் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதோடு சேர்ந்து மெல்ல முனகிப் பார்ப்பது, என் அனுபவத்தில், எந்த விளக்க நூலையும்விட அதிகம் கற்றுத்தரும்.

நான்காவது உருப்படியின் பெயரைக் கண்டதும் தமிழ் வாசகர் நின்றுவிடுவார்: ‘ராமானுஜன்’. ஈரோட்டில் 1887-இல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, கேம்பிரிட்ஜ் சென்று, 32 வயதில் மறைந்த நம் கணித மேதையின் பெயரை ஓர் அமெரிக்கக் கலைஞர் தம் உருப்படிக்குச் சூட்டியிருப்பதே மகிழ்ச்சிக்குரியது. அதில் அவர் எடுக்கும் வாத்தியம் டாரகாட்டோ. இன்று நாம் கேட்கும் டாரகாட்டோ 1890-களில் புடாபெஸ்ட்டில் உருவானது. மரத்தாலான கூம்பு வடிவ உடலும், ஊதும்போது அதிர்ந்து நாதம் எழுப்பும் ஒற்றை நாணலும் கொண்டது. பார்வைக்கு மரத்தில் செய்த சோப்ரானோ சாக்ஸபோன் போலிருக்கும். ஆனால் அதே பெயரில் அதற்கு முன் ஹங்கேரியில் வழங்கிய பழைய கருவி, துருக்கிய சுர்னாவின் வழிவந்த, இரட்டை நாணல் கொண்ட ஊதுகருவி. சீவாளி வைத்து ஊதும் நம் நாகஸ்வரமும் அந்தப் பெரிய இரட்டை நாணல் குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆனால் இதில் ராகம் எது என்று தேடத் தொடங்கிவிடாதீர்கள், அந்தத் தேடல் உங்களை இசையிலிருந்து வெளியே கொண்டுபோய்விடும். மரத்தின் கரகரப்பு உலோக சாக்ஸபோனின் நாதத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது, அந்தக் கரகரப்புக்கு மோரனின் பியானோ எவ்வாறு பதில் சொல்கிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இவ்வளவு கேட்டபின், லாய்டின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்வது பயன்தரும். 1966-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே ஜாஸ் விழாவில் பதிவான ‘ஃபாரஸ்ட் ஃப்ளவர்’ அவரைப் பெரும் புகழுக்கு உயர்த்தியது. அப்போதும் நால்வர் குழுதான், பியானோவில் கீத் ஜாரெட், டிரம்ஸில் ஜாக் டிஜானெட். புகழ் உச்சத்தில் இருந்தபோதே, 1970-ஐ ஒட்டி, அவர் விலகிக் கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரைக்குச் சென்றுவிட்டார். 1980-களின் தொடக்கத்தில் மிஷேல் பெத்ருச்சியானி என்ற இளம் பிரெஞ்சுப் பியானோ கலைஞர் தேடி வந்ததுதான் அவரை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தது. இளையவர்களுக்கு அவர் இந்த இசைத்தட்டில் இவ்வளவு இடம்விடுவதற்கு அந்த வரலாற்றிலும் ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

ஆறாவதான ‘ஸ்வீட் ஜார்ஜியா பிரைட்’ அவருடைய இளமைக்கால மெட்டு. 1964-இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் குழுவில் லாய்ட் வாசித்த பதிவு கிடைக்கிறது. அதை முதலில் கேட்டுவிட்டு, பிறகு பாசல் பதிவுக்கு வாருங்கள். மெட்டு ஒன்றே, இடையில் 43 ஆண்டுகள். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு முழு மாலையையே ஒதுக்கலாம்.

தட்டின் பெயரைத் தாங்கிய கடைசி உருப்படி, கியூபாவின் சில்வியோ ரோத்ரீகஸ் இயற்றிய பாடல். பெயருக்கு நேர்ப்பொருள் மேகத்தின் வால்; கியூபாவில் அது சுழற்காற்றைக் குறிக்கும். ஒரு வரம் கேள் என்றால் துயரங்களைப் பெருக்கித் தள்ளும் சுழற்காற்றையே கேட்பேன் என்பது பாடலின் கருத்து. இங்கே சொற்கள் இல்லை, டெனர் சாக்ஸபோன் மட்டுமே பாடுகிறது. ஆகவே பொருளை முன்பே அறிந்துகொண்டு கேளுங்கள்.

இந்த இசைத்தட்டு பழகிய பின், ஜாகிர் உசேனின் தபலாவுக்கு அருகில் அமர்ந்து ஹார்லண்ட் டிரம்ஸ் வாசிக்கும் ‘சங்கம்’ என்ற மூவர் பதிவை எடுங்கள். லாய்டுடன் அவர்கள் 2004-இல் சாண்டா பார்பராவில் வாசித்து, 2006-இல் வெளிவந்தது அது. அதைக் கேட்டுவிட்டு மறுநாள் ‘ராமானுஜன்’ உருப்படிக்குத் திரும்புங்கள். இம்முறை டாரகாட்டோவை விட்டுவிட்டு, ஹார்லண்டின் கைகளை மட்டும் பின்தொடருங்கள்.